இரண்டு கொடி ஆட்டிய சனிக்கிழமை

எங்கள் ஊர் வொரிங்காவில் என்னை மின்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். வேகத்தைப் பாராட்டி வைத்த பெயர் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊர்க்காரர்களைத் தெரியாது. பதினோரு வருஷம் இரண்டாம் அணியில் கால்பந்து ஆடினேன்; கையாலும் பிடித்து ஆடுகிற எங்கள் நாட்டுக் கால்பந்து. நான் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் பந்து வேறு பக்கம் போயிருக்கும். சில நாள் ஆட்டமே முடிந்திருக்கும். டெஸ்மண்ட் என்கிற என் நிஜப் பெயர் என் மனைவி கெரினுக்கே கல்யாணத்தன்று பாதிரியார் வாசித்தபோதுதான் தெரிந்தது.

முழங்கால் போனதும் கிளப்பில் ஒரு வெள்ளைக் கோட்டையும் இரண்டு வெள்ளைக் கொடிகளையும் என் கையில் கொடுத்துக் கம்பத்தடியில் நிறுத்திவிட்டார்கள். கோல் நடுவர். எங்கள் வட்டாரத்தில் ஆடுகிற இரண்டு கிளப்பும் ஆளுக்கு ஒரு கோல் நடுவரைத் தர வேண்டும். மைதானத்தின் ஒரு முனைக்கு ஒருவர். வேலை எளிது. நடுவில் இருக்கும் உயரமான இரண்டு கம்பங்களுக்கு இடையே பந்து சுத்தமாகப் போனால் கோல், ஆறு புள்ளி, இரண்டு கொடி. கம்பத்தை உரசினாலோ ஓரமாகப் போனாலோ ஒரே புள்ளி, ஒரு கொடி. ஆறு வரையும் ஒன்று வரையும் தெரிந்திருந்தால் போதும். அந்தக் கோட்டில் நான் மருந்துக்கடைக்காரன் மாதிரி இருப்பதாகச் சொல்வார்கள். மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். இரண்டு வேலையிலும் என்னை யாரும் கவனிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

என் மகள் மார்னிக்குப் பதினோரு வயது. எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. பொடிசுகள் அணியிலிருந்து அடுத்த அணிக்கு ஏறும் பிள்ளை, தனக்கு எந்த எண் வேண்டும் என்று கிளப் அறைக் கரும்பலகையில் தானே எழுத வேண்டும். பெரியவர்கள் அணியில் அந்த எண்ணைப் போடுகிறவர், அடுத்த பருவத்தின் முதல் நாள் தன் கையாலேயே அந்தப் பிள்ளைக்குச் சட்டையை மாட்டிவிடுவார். அந்த வருஷம் முழுக்க அந்தப் பிள்ளை அவருடைய பொறுப்பு. பயிற்சிக்குக் கூட்டிப் போவது, உதைக்கக் கற்றுக்கொடுப்பது, மழை பெய்தால் வீட்டில் இறக்கிவிடுவது எல்லாம் அவர்தான். சொந்த ஊரில் கடைசி ஆட்டம் முடிந்து வரும் வியாழக்கிழமைக்குள் எழுதிவிட வேண்டும்.

மார்னி ஒன்பது கேட்டாள். ஒன்பது என்றால் ராட்டிகன்.

ராட்டிகன் அந்தப் பருவத்தில் மட்டும் எழுபத்து மூன்று கோல் போட்டிருந்தான். ஐம்பது அடி தள்ளி நின்று கண்ணை மூடிக்கொண்டு உதைத்தாலும் பந்து அவன் சொன்ன பேச்சைக் கேட்கும். வாய்தான் யார் பேச்சையும் கேட்காது. பந்து தவறினால் பல்லில் மாட்டியிருக்கும் ரப்பர் கவசத்தைப் பிடுங்கித் தரையில் அடிப்பான். பக்கத்தில் எவன் நிற்கிறானோ அவன் தொலைந்தான்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஜூலையில் ஒரு காலை, பொடிசுகள் ஆட்டத்தில், மார்னியின் உயிர்த்தோழி இண்டி பந்தைக் கைநழுவ விட்டாள். மார்னி தன் பல்கவசத்தைப் பிடுங்கிச் சேற்றில் அடித்துவிட்டுக் கத்தினாள்:

"உனக்கெல்லாம் கை எதுக்குடி? சூப் குடிக்கவா?"

சொல் சொல்லாக ராட்டிகன். இடுப்பில் கை வைத்த விதம்கூட அவன்தான். கிளப் உணவகத்தின் பரிமாறும் சன்னலில் சாஸ் பாட்டிலுடன் நின்ற கெரின் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க வெள்ளைக் கோட்டு போதவில்லை.

"அவகிட்ட பேசு," என்றாள் அன்று மாலை.

"நான் பேசினா கேப்பாளா?"

"கேக்கற மாதிரி பேசு. நீதான் தினம் அறுபது பிள்ளைங்களைக் கட்டி மேய்க்கிறவன்."

"பஸ்ல அதுங்க இறங்கிப் போக முடியாது கெரின். அதான் கேக்குதுங்க."

எனக்கும் அந்த வயதில் ஒரு ஆதர்ச ஆட்டக்காரர் இருந்தார். அவருக்கு முடி முன்னால் குட்டையாகவும் பின்னால் தோள் வரைக்கும் நீளமாகவும் இருக்கும். நானும் அப்படியே வெட்டிக்கொண்டேன். மூன்று வருஷம் அந்தத் தலையோடு அலைந்தேன். ஆட்டம் மட்டும் வரவில்லை. பிள்ளைகள் ஒருவரைப் பார்த்து முதலில் எடுத்துக்கொள்வது சுலபமாக எடுக்க முடிகிறதைத்தான். எனக்கு முடி. மார்னிக்கு வாய். இந்தத் தத்துவத்தைக் கெரினிடம் விளக்கினேன். "நல்லாருக்கு. இப்ப போய் அவகிட்ட பேசு," என்றாள்.

பேசத் தெரியாதவன் காட்டுவான். ஊரில் உள்ள நல்ல மனிதர்களை ஒரு தாளில் எழுதினேன். ஒவ்வொருவராக மார்னியைக் கூட்டிப் போய்க் காட்டுவது என்று திட்டம்.

முதலில் தீயணைப்புப் படைத் தலைவர் வெர்ன். இருபத்தைந்து வருஷமாகச் சம்பளமில்லாமல் தீ அணைக்கிறவர். வண்டியில் ஏற்றினார், குழாயைப் பிடிக்கச் சொன்னார், எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பக்கத்து ஊர்ப் படையைப் பற்றி ஆரம்பித்தார். "அவனுங்களா? அவனுங்க எங்க பாப்பா அணைச்சானுங்க. அவனுங்க வர்றதுக்குள்ள தீயே அலுத்துப்போய் அணைஞ்சிடும்." அரை மணி நேரம் அதுதான். மார்னிக்கு அந்த ஒரு வரி மட்டும் மனப்பாடம் ஆயிற்று. அடுத்த சனிக்கிழமையே எதிரணியின் தற்காப்பைப் பற்றி அதைப் பயன்படுத்தினாள்.

அடுத்து கால்நடை மருத்துவர். நாங்கள் போனபோது அந்த அம்மா ஒரு பசுவுக்குள் தோள் வரை கையை விட்டிருந்தார். "வா பாப்பா, கன்னு எங்க இருக்குன்னு நீயே தொட்டுப் பாக்கறியா?" என்றார் ஆசையாக. மார்னி அதற்குப் பிறகு இரண்டு வேளை சாப்பிடவில்லை. எனக்கும் அப்படி ஒன்றும் பசிக்கவில்லை.

திரும்பி வரும்போது வண்டியில் அவள் சொன்னாள்:

"அப்பா, துணிக்கடையில சட்டை சட்டையா எடுத்துக் காட்டுவாங்கல்ல, அந்த மாதிரி ஆளுங்களைக் காட்டறே நீ."

"புடிச்சதை எடுத்துக்கலாமேன்னுதான்..."

"நான் யாரை மாதிரியும் ஆகணும்னு கேக்கலப்பா. எனக்கு கோல் போடணும். அவ்ளோதான்."

அந்தத் தாளைக் கசக்கி வண்டிக் கதவின் பையில் போட்டேன். இன்னும் ஆறு பெயர் பாக்கி இருந்தது.

சொந்த ஊரில் கடைசி ஆட்டம் ஆகஸ்ட் இறுதியில் கல்கூரா அணியோடு. வென்றால் இறுதிச் சுற்று, தோற்றால் வீடு. ஊரே வந்திருந்தது. மைதானத்தைச் சுற்றி வேலியில் மூக்கை வைத்தபடி கார்கள். உள்ளே வெப்பக்காற்றைப் போட்டுக்கொண்டு மடியில் சூடான இறைச்சி பஃப்ஸோடு ஜனங்கள். எங்கள் அணி கோல் போட்டால் எல்லாக் கார்களும் ஹாரன் அடிக்கும். மார்னியும் இண்டியும் என் கம்பத்துக்கு நேர் பின்னால் வேலிமேல் உட்கார்ந்திருந்தார்கள். சூப் விஷயம் அதற்குள் மறந்து, ஒரே போர்வையைப் பகிர்ந்துகொண்டிருந்தார்கள்.

கடைசி நிமிடம். மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். பந்து ராட்டிகனிடம் வந்தது. கல்கூராக்காரன் ஒருவன் அவன் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தொங்கவிட்டபடியே ராட்டிகன் உதைத்தான். பந்து உயர்ந்து, என் தலைக்கு மேல், வலதுபக்கக் கம்பத்தை ஒட்டி உள்ளே வந்தது.

டிக்.

அவ்வளவுதான். விரல் நகத்தால் கண்ணாடி டம்ளரைத் தட்டுகிற சத்தம். பந்தின் சுழற்சியும் ஒரு நூல் மாறியது. பட்டுவிட்டது. ஒரு புள்ளி. இரண்டு புள்ளியில் தோல்வி.

ஐம்பது அடி தள்ளி ராட்டிகனின் தலை குனிந்தது. உதைத்தவனுக்கு எப்போதும் தெரியும். ஆட்ட நடுவர் தூரத்தில் இருந்தார். என்னைப் பார்த்து, "உன் முடிவுதான்," என்று கையைக் காட்டினார். எதிரே நூறு கார்களின் கண்ணாடிகள். பதினோரு வருஷம் ஒரு நாள்கூட அந்தக் கார்கள் எனக்காக ஹாரன் அடித்ததில்லை. என்ன நினைத்தேன் என்று பிறகு பலர் கேட்டார்கள். ஒன்றும் நினைக்கவில்லை. நான் வேகமாகச் செய்த ஒரே காரியம் அது. குனிந்து இரண்டு கொடியையும் எடுத்து ஆட்டினேன்.

சத்தம் கோதுமைக் கிடங்கு வரை போய்த் திரும்பி வந்தது. ராட்டிகன் ஓடிவந்து என்னைக் கோட்டோடு தூக்கினான். "இன்னைக்கு ஆட்ட நாயகன் நம்ம மின்னல்தான்டா!" என்று கத்திவிட்டுக் கண்ணடித்தான். கிளப்பில் என் கையில் பீர் தீரத் தீர வேறு பீர் வந்தது. கிளப் தலைவி லோர்னா, சிரிப்பது செலவு என்று நினைக்கிறவர், என் முதுகில் தட்டினார். பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் இருந்தது. இது வேறு சொல்லிவிட்டேனா, பொய் சொல்ல மாட்டேன் என்று?

வீட்டுக்குக் கெரின்தான் ஓட்டினாள். மார்னி பின் சீட்டில்.

"அப்பா."

"ம்."

"பந்து கம்பத்துல பட்டுச்சுல்ல? டிக்னு கேட்டுச்சே."

"இல்லையே கண்ணு. காத்து அடிச்சுதுல்ல, கிளப் கொடிமரத்துக் கயிறு தட்டியிருக்கும்."

அவள் வாதாடுவாள் என்று காத்திருந்தேன். அவள் யார் மகள், என்னோடு வாதாடாத நாளே கிடையாது. ஆனால் கொஞ்ச தூரம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"அப்ப எனக்குத்தான் தப்பா கேட்டிருக்கு."

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். கெரின் கியரை மாற்றினாள்.

திங்கட்கிழமை பேருந்தின் கண்ணாடியில் பார்த்தேன். இண்டி முன் சீட்டில், மார்னி கடைசி சீட்டில். செவ்வாயும் அப்படியே. இண்டியின் பண்ணைதான் என் வழியில் கடைசி நிறுத்தம். புதன் மாலை அவள் இறங்கும்போது கதவைத் திறக்காமல் கேட்டேன்.

"என்னம்மா, ரெண்டு பேருக்கும் சண்டையா?"

"அவ என்னைப் பொய்க்காரின்னு சொல்லிட்டா அங்கிள்."

"எதுக்கு?"

இண்டி பைப்பட்டையை முறுக்கினாள். "பந்து கம்பத்துல பட்டுச்சுன்னு ஸ்கூல்ல சொன்னேன். அவளுக்கும் கேட்டுச்சு அங்கிள். சத்தம் கேட்டதும் என் கையைப் புடிச்சா. இப்ப என்னடான்னா, கேக்கவே இல்லைங்கறா. 'எங்கப்பா பட்டதைப் பட்டுச்சுன்னுதான் சொல்லுவார், அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது'ங்கறா." பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "கதவு, அங்கிள்," என்றாள்.

கதவைத் திறந்தேன். அவள் போன பிறகும் அது திறந்தே இருந்தது. அப்படியே கால் மைல் ஓட்டிவிட்டேன்.

மூன்று வாரம் ஊரெல்லாம் அலைந்து மார்னிக்கு ஆள் தேடினேன். அவள் ஏற்கெனவே ஒருவனைப் பிடித்து வைத்திருந்திருக்கிறாள். நல்ல ஆளாகப் பார்த்துப் பிடித்திருக்கக் கூடாதா? அந்த ஆளுக்காகத் தன் காதையும் தோழியையும் தூக்கிப் போட்டிருக்கிறாள்.

கெரின் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கெரின், அன்னைக்கு அந்தப் பந்து..."

"தெரியும்."

"எப்படி?"

"பொய் சொன்னா நீ பாத்திரம் கழுவுவே. சனிக்கிழமையிலேருந்து இந்த வீட்டுல ஒரு அழுக்குத் தட்டு கிடையாது."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன்." ஒரு கவ்வியை வாயிலிருந்து எடுத்தாள். "அடுப்பும் பளபளன்னு ஆச்சா, அப்படியே விட்டுட்டேன்."

வியாழன் மாலை பயிற்சி முடிந்து கிளப் அறையில் எல்லோருக்கும் சாப்பாடு. கோழி வறுவலும் உருளைக்கிழங்கும். லோர்னா அறிவிப்புகளை வாசித்தார்: இறுதிச் சுற்றுக்கான பேருந்து, காணாமல் போன ஒற்றைக் காலணி, கரும்பலகையில் எண் எழுத இன்றே கடைசி. "வேற யாருக்காவது ஏதாவது இருக்கா?" என்றார். எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை. அது சாப்பாட்டைத் தொடலாம் என்பதற்கான அடையாளம்.

எழுந்தேன். நாற்காலி கீழே விழுந்தது. யாரோ, "மின்னல் ஓட ஆரம்பிச்சிட்டான்டா," என்றார்கள். சிரிப்பு.

"சனிக்கிழமை பந்து கம்பத்துல பட்டுச்சு," என்றேன். "எனக்குக் கேட்டுச்சு. கேட்டுட்டுதான் ரெண்டு கொடி ஆட்டினேன்."

முள்கரண்டிகள் நின்றன. லோர்னா கண்ணாடியைக் கழற்றினார். "ஸ்கோர் சீட்டுல ரெண்டு கிளப்பும் கையெழுத்து போட்டாச்சு மின்னல். முடிவை மாத்த முடியாது. இப்ப சொல்லி என்ன பண்ணப் போறே?"

"வட்டாரக் கால்பந்துச் சங்கத்துக்கும் கல்கூராவுக்கும் எழுதிட்டேன். தபால் போட்டாச்சு."

"எங்ககிட்ட கேக்காமயா?"

"கேட்டா விடமாட்டீங்களே."

ராட்டிகன் நாற்காலியைப் பின்னால் சாய்த்தான். "உக்காருய்யா மின்னல். நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரியும்," என்றது ஒரு குரல்.

பிள்ளைகள் மேசையில் மார்னி எழுந்து நின்றிருந்தாள். முகம் தக்காளி சாஸ் நிறம். "எனக்குக் கேட்டுச்சு. இண்டிக்கும் கேட்டுச்சு." என்னைப் பார்க்கவே இல்லை. நேராக இண்டியிடம் போனாள். அங்கே என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்கவில்லை. இண்டி முதலில் முகத்தைத் திருப்பினாள். பிறகு தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டாள்.

லோர்னா என் மேசைக்கு வந்து கையை நீட்டினார். "கொடி, கோட்டு." இரண்டும் வண்டியில் இருந்தன, போய் எடுத்து வந்து கொடுத்தேன். என்னைச் சுற்றி மூன்று நாற்காலிகள் காலியாகிவிட்டன. வெர்ன் மட்டும் என் உருளைக்கிழங்கிலிருந்து இரண்டை எடுத்துத் தின்றுகொண்டே, "பக்கத்து ஊர்க்காரனுங்க சொல்லியிருக்கவே மாட்டானுங்க," என்றார். எனக்குக் கிடைத்த பாராட்டு அதுதான்.

கிளம்பும்போது மார்னி கரும்பலகையின் முன் சாக்குக்கட்டியோடு நின்றாள். கெரின் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மார்னி மெதுவாகத் தன் பெயரை எழுதினாள். ஒன்பதுக்கு நேராக.

வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பும் வரை அடக்கிப் பார்த்தேன்.

"ஒன்பதா?"

"ஆமா."

"அவன் சொன்னதைக் கேட்டேல்ல?"

"கேட்டேன். அவர் வாய் எனக்கு வேணாம். இண்டிகிட்டயும் சொல்லிட்டேன், இனிமே கத்த மாட்டேன்னு. ஆனா அவரளவுக்கு உதைக்க நம்ம ஊர்ல யாருக்குத் தெரியும்? அதை மட்டும் கத்துக்கறேன்."

கெரின் சன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை மறைத்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்கிட்டேருந்து ஏதாவது எடுத்துக்கற மாதிரி இருக்கா?"

மார்னி நியாயமாக யோசித்தாள்.

"வியாழக்கிழமையை எடுத்துக்கறேன். சனிக்கிழமை வேணாம்." சீட்டுப் பட்டையை மாட்டினாள். "அஞ்சு நாள் லேட்டுப்பா நீ."

வெள்ளிக்கிழமை மாலை தொலைபேசி அடித்தது. லோர்னா. "நாளைக்கு ஆட்டத்துக்குக் கோட்டுப் போட ஒருத்தனும் வரமாட்டேங்கறான். எல்லாருக்கும் திடீர்னு முதுகு வலி. பதினோரு மணிக்கு வந்துடு."

"என்னை நீக்கிட்டீங்களே?"

"நீக்கியாச்சுதான். பதினோரு மணி."

அந்த ஆட்டத்தில் நாற்பத்தெட்டுப் புள்ளியில் தோற்று வீட்டுக்கு வந்தோம். என்னால் தோற்றோம் என்று யாரும் சொல்ல முடியாத அளவுக்குப் படுதோல்வி. ஆனாலும் இரண்டு பேர் சொன்னார்கள்.

ஆட்டம் தொடங்கியபோது மார்னியும் இண்டியும் என் கம்பத்துக்குப் பின்னால் வேலியில், ஒரே போர்வையில். திரும்பிப் பார்த்தேன். அவர்கள் ராட்டிகனையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. இரண்டு பேர் கண்ணும் கம்பத்தில் இருந்தது. ராட்டிகன் முதல் பந்தை உதைத்தான். அது ஓரமாக, யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராத தூரத்தில், தள்ளிப் போனது. அவன் பல்கவசத்தைப் பிடுங்கித் தரையில் அடித்தான். நான் ஒரே ஒரு கொடியை எடுத்து நிதானமாக, மைதானத்தின் அந்தக் கோடி வரை தெரிகிற மாதிரி, ஆட்டினேன்.